களைப்பு சோம்பல் அல்ல

(கரடியனாற்றில் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



காசநோய்க்குக் குளிசை குடிக்கும் ஒருவர் காலையில் பாயை விட்டு எழும்ப முடியாமல் கிடந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "மருந்துதான் குடிக்கிறாயே, இன்னும் என்ன படுக்கை?" என்கிறோம். ஒரு நாள் சம்பளம் போனால் அடுப்பு எரியாதே என்ற பயம் அப்படிப் பேச வைக்கிறது.

அந்தக் களைப்பு சோம்பல் அல்ல. கிருமியோடு போராடும் உடம்பு தன் தசையையே கரைக்கிறது. நோய் பசியையும் கெடுக்கிறது. வெறும் தேத்தண்ணியும் ரொட்டியும் அந்த இழப்பை நிரப்பாது.

இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடந்தது. 2,800 நோயாளிகளுக்கு மருந்தோடு மாதாந்த உணவுப் பொதியும் கொடுத்தார்கள். முதல் இரண்டு மாதங்களில் எடை கூடியவர்களிடையே மரணம் குறைந்தது. ஒரு பகுதிக் குடும்பங்களில் மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்துக் குளிசையும் 6 மாதம் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பருப்பும் சோறும் செய்த வேலை அது.

ஆகவே நோயாளிக்குச் சிறிது சிறிதாக, நாளுக்கு ஐந்தாறு தடவை சாப்பாடு கொடுப்போம். முட்டை, குளத்து மீன், நெத்தலி, பயறு, கௌபி, முருங்கையிலை, தயிர் எது கைக்கு எட்டுகிறதோ அது. சட்டியில் முதல் பங்கு நோயாளிக்கு. சாராயமும் பீடியும் வேண்டாம். குளிசையோடு சாராயம் சேர்ந்தால் ஈரல் கெடும்.

சாப்பாடு மருந்துக்குப் பதிலாகாது. வழமையான சிகிச்சை 6 மாதம். இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறியதும் குளிசையை விட்டால், நோய் திரும்பும். மருந்துக்கு அடங்காத நோயாகவும் மாறலாம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் உள்ள எல்லோரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நோய் உதவிப்பணம் பற்றிப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

தேறி வருபவருக்கு இலகுவான வேலை, நோய்க்கால விடுமுறை, திரும்பி வரும்போது அதே வேலை: இவற்றைச் சங்கமாகக் கேட்போம். ஓய்வும் சிகிச்சைதான். பக்கத்து வீட்டில் ஒருவர் படுத்திருந்தால், இன்று ஒரு முட்டையோடு போய் எட்டிப் பாருங்கள்.