பராக்கும் மறுமொழியும்

பினாங்கு ஜார்ஜ் டவுனில், லெபோ பாசார் கடைத்தெருவில் ஜவுளி விற்று ஜீவித்தவன் என்ற உரிமையில், மனித சித்தத்தின் விசித்திரம் ஒன்றைப் பற்றிப் பேச விழைகிறேன்.

தீபாவளிக்கு முந்திய வாரங்களில், ‘இன்ன விலைக்குமேல் ஒரு வெள்ளியும் தரமாட்டேன்’ என்ற தீர்மானத்தோடு வரும் அம்மையாரிடம் எங்கள் கடையின் மூத்த விற்பனையாளர் ஒருபோதும் தர்க்கம் செய்யமாட்டார். பிள்ளையின் கையில் மிட்டாயைக் கொடுத்து, தே தாரிக் தேநீர் வரவழைத்து, ஒலிபெருக்கியில் பாட்டு முழங்கச் சேலைமேல் சேலையாக விரித்துப்போட்டு, அம்மையாரின் கண் முந்தானைச் சரிகையில் ஓடும் அந்த க்ஷணத்தில்தான் விலையைச் சொல்வார். சொன்னது காதில் நன்றாகவே விழும். வீட்டிலிருந்து ஆயத்தம் செய்துகொண்டு வந்த மறுமொழிதான் எழும்பாது. தாய்மார்களே, விலையைக் கேட்டதும் கடை வாசலுக்கு வந்து சற்றே நின்று பாருங்கள், அது திரும்பிவரும்.

1964-இல் அமெரிக்காவில் லியோன் பெஸ்டிங்கர், நேதன் மக்கோபி என்ற அறிஞர்கள் வெளியிட்ட பரிசோதனை ஒன்று, பராக்கு மறுமொழியை அடக்கிவிடும் என்பதற்கு நல்ல சாட்சி. மாணவர் சகோதர சங்கங்களைக் கண்டிக்கும் ஒரே சொற்பொழிவை, சிலருக்குப் பேசுபவரின் உருவத்தோடும், சிலருக்கு ஓர் ஓவியரைப் பற்றிய சம்பந்தமற்ற வேடிக்கைப் படத்தோடும் அவர்கள் கேட்பித்தார்கள். படத்தில் லயித்திருந்த சங்க உறுப்பினர்களே பெரும்பாலும் அதிகம் மனம் மாறினார்கள். சங்கத்தில் சேராத மாணவரிடமோ அத்தகைய வித்தியாசம் தோன்றவில்லை, எதிர்த்துரைக்க அவர்கள் உள்ளத்தில் எதுவும் இல்லையாதலால். பின்னர் 1976-இல் பெட்டி, வெல்ஸ், பிராக் என்போர் கண்டது எனக்கு இன்னும் பிரியமானது: சாரமற்ற வாதமே பராக்கினால் பலம் பெறுகிறது, சாரமுள்ள வாதமோ பராக்கில் பலம் குன்றுகிறது. ஆகவே நல்ல சரக்கை வைத்திருக்கும் வியாபாரி அமைதியாகப் பேசுவதே அவனுக்கு லாபம். இதை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

நேரம் குறுகிவிட்டது, எனினும் இதே உத்தியைக் கையாளும் ‘மக்காவ் மோசடி’ என்னும் தொலைபேசி ஏமாற்றைச் சொல்லாமல் முடிக்க மனம் ஒப்பவில்லை. போலீஸ் என்றும் வங்கி என்றும் ஒருவர் மாற்றி ஒருவர் பேசி, அழைப்பைத் துண்டிக்க விடாமல், பயத்தையே பராக்காக்கிப் பணத்தைப் பறிக்கும் மோசடிக்காரர்களிடம் தாட்சண்யம் வேண்டாம்; போனை வைத்துவிடுங்கள். பணம் அனுப்பிவிட்டவர்கள் தாமதியாமல் மலேசியாவின் மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழையுங்கள். வீட்டில் பகலெல்லாம் தனித்திருக்கும் பெரியவர்களிடம் இந்த எண்ணை இன்று மாலையே சொல்வீர்கள் என்று நம்புகிறேன்.