கேமராவுக்கும் அனுமதி வேண்டும்

(செம்மநத்தத்தில் நடந்த குடும்பக் கூடலில் ஆற்றிய உரை)

 

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு வந்து, அங்கிருந்து இந்தச் செம்மநத்தம் வரை குடும்பத்தோடு வந்து சேர்ந்திருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். வந்து இறங்கியதும் நம்மில் பெரும்பாலோர் செய்த முதல் வேலை, போனை எடுத்துப் படம் பிடித்ததுதான். ஆகவே அதைப் பற்றியே இன்று பேசலாம் என்று நினைக்கிறோம்.

இது பங்குனி மாதம். சேர்வராயன் மலையில் காப்பி பூக்கும் காலம். வெயிலில் மொட்டுகள் வாடினாற்போல உறங்கிக் கிடக்கும். ஒரு நல்ல மழை விழ வேண்டும். விழுந்து எட்டுப் பத்து நாளில் செடிகளெல்லாம் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்து, மல்லிகை போல மணக்கும். இரண்டு மூன்று நாளில் பூ வாடிவிடும். அது காயாகி, பழமாகி, கைக்கு வர எட்டு ஒன்பது மாதம் ஆகும். வறண்டு கிடந்த பூமிக்கு மழையால் உயிர் கொடுப்பதைச் சிந்திப்போருக்கு ஓர் அத்தாட்சியாக இறைமறை பல இடங்களில் நினைவூட்டுகிறது. அந்த அத்தாட்சியைப் பார்த்து 'சுப்ஹானல்லாஹ்' என்று சொல்லிவிட்டு ஒரு படம் எடுத்துக்கொள்வதில் மனநிறைவு உண்டு.

இந்த மலைக்குக் காப்பியை 1820களில் கொண்டுவந்தவர், அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை. அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே, 15ஆம் நூற்றாண்டில், யமன் நாட்டு ஸூஃபிகள் இரவு வணக்கத்தில் தூக்கம் கலையக் காப்பி குடித்திருக்கிறார்கள். சுபுஹு தொழுதுவிட்டு நாம் குடிக்கும் அந்த ஒரு டம்ளர் காப்பிக்கும் இப்படி ஒரு பூர்வீகம் இருக்கிறது. சிறிய அன்றாடப் பழக்கங்கள் அற்பமானவை அல்ல. குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்த பாடம். போனில் படம் எடுப்பதும் இன்று தினமும் செய்யும் பழக்கமாகிவிட்டது. அதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும் அல்லவா?

படம் எடுப்பது கூடுமா என்ற கேள்வி பழையது. உருவம் அமைப்பதைக் கண்டிக்கும் நபிமொழிகள் இருக்கின்றன. ஃபோட்டோவும் அதில் சேருமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் முஃப்தியாக 1914 முதல் 1920 வரை இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ, ஃபோட்டோ என்பது இருக்கிற நிழலைப் பிடித்து நிறுத்துவதுதான், புதிதாக ஓர் உருவத்தைப் படைப்பது அல்ல என்று கூறி, கூடும் என எழுதினார். அவருக்கு முன்பே எகிப்திய ராணுவப் பொறியாளர் முஹம்மது ஸாதிக் பே 1861இல் மதீனாவையும் 1880இல் மக்காவையும் படம் பிடித்திருந்தார். பாஸ்போர்ட், ஆதார் போன்ற தேவைகளுக்கு மட்டும் போதும் என்று பேணுதலாக இருப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அதில் தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. அவரவர் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளலாம். ஆனால் கூடும் என்பவரும் கூடாது என்பவரும் ஒன்றுபடும் இடம் ஒன்று இருக்கிறது. அது பிறருடைய மானத்தைக் காப்பது.

'கேமரா' என்பது லத்தீன் சொல். அதற்கு 'அறை' என்று பொருள். இருட்டறையின் சிறு துவாரம் வழியே வெளிச்சம் நுழைந்தால் வெளியே இருப்பது உள்ளே தலைகீழாகத் தெரியும். இதை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர், 965இல் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம். பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் நாம் பார்க்கிறோம் என்பதைத் தம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் விளக்கியவர் அவர்.

துவாரம் என்றதும் ஒரு நபிமொழி நினைவுக்கு வருகிறது. ஒருவர் நபிகளாரின் அறைக்குள் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தார். அண்ணலார் அவரைக் கடுமையாகக் கண்டித்து, அனுமதி கேட்கும் சட்டம் வைக்கப்பட்டதே பார்வையை முன்னிட்டுத்தான் என்று உணர்த்தினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியிருக்கிறது. பிறர் வீட்டுக்குள் ஸலாம் சொல்லி, அனுமதி பெற்றே நுழைய வேண்டும் என்பது அந்நூர் அத்தியாயத்தின் 27ஆவது வசனம் தரும் கட்டளை. கால் வாசலுக்கு வெளியே நின்றாலும் கண் உள்ளே போய்விட்டால் அனுமதியின்றி நுழைந்ததாகவே ஆகிறது. போனின் கேமராவோ நம் கண்ணைவிட நெடுந்தூரம் போகும். பார்த்ததை மறக்கவும் செய்யாது.

இந்த ஊரில் மலையாளி பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டு முற்றமும் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களும் நமக்குக் காட்சிப்பொருள் அல்ல. பூவை எடுங்கள், மலையை எடுங்கள், மூடுபனியை எடுங்கள். மனிதரை எடுப்பதானால் "அம்மா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு போனைக் கீழே இறக்குங்கள்.

இனி நம் சொந்த விஷயத்துக்கு வருவோம். சில ஆண்டுகளாக ரமலான் மாசி, பங்குனியை ஒட்டி வருகிறது. அரிசி, பருப்பு, எண்ணெய், பித்ரா என்று நம் சமுதாயமெங்கும் உதவிகள் நடக்கின்றன. அதோடு படங்களும் வருகின்றன. ஐந்து பேர் சேர்ந்து ஒரு பையைப் பிடித்திருப்பார்கள். நடுவில் ஒரு தாய் தலைகுனிந்து நிற்பார். மஃரிபுக்குள் அந்தப் படம் நூறு போன்களில் இருக்கும். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தத் தாயின் மகனிடம் அவனுடைய தோழன் என்ன கேட்பான்? அரிசி ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். படம் தீராது. அந்தப் பெண்ணுக்கு நாளை நிக்காஹ் பேச்சு வரும்போதும் அது எங்காவது இருக்கும்.

தர்மத்தைச் சொல்லிக்காட்டியும் மனதைப் புண்படுத்தியும் பாழாக்கிவிட வேண்டாம் என்று அல்பகரா அத்தியாயத்தின் 264ஆவது வசனம் எச்சரிக்கிறது. தன்மானத்தால் கேட்காமலிருந்து, அறியாதவர் கண்ணுக்கு வசதியானவர்களாகத் தெரியும் ஏழைகளை 273ஆவது வசனம் அடையாளம் காட்டுகிறது. கேமரா இருக்கும் இடத்துக்கு முதலில் வராமல் போவது இவர்கள்தான். அதாவது, யாரைத் தேடிக் கொடுக்க வேண்டுமோ அவர்களையே நம் படம் விரட்டிவிடுகிறது.

"படம் இல்லாவிட்டால் வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பியவர் எப்படி நம்புவார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமானத்துக்குக் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். கடை ரசீதைப் படம் எடுக்கலாம். அடுக்கி வைத்த மூட்டைகளை எடுக்கலாம். பெற்றவர்களின் கையொப்பம் அறக்கட்டளைப் பதிவேட்டில் இருக்கும். அதைத் தணிக்கையாளர் பார்ப்பார். எத்தனை குடும்பம், எவ்வளவு தொகை என்பதை இந்த மடலிலேயே அச்சிடலாம். வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே என்கிறது அதே அத்தியாயத்தின் 271ஆவது வசனம். ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பது அதைவிட மேல் என்கிறது. ஆகவே கொடுத்த தொகையை வெளியே சொல்லலாம். வாங்கிய முகத்தை மறைத்துவிடலாம்.

நம் அறக்கட்டளையின் எந்த விநியோகத்திலும் பெறுபவரின் முகம் படமாகக் கூடாது என்பதை ஒரு நிலையான விதியாக வைத்துக்கொள்வோம். சிகிச்சை உதவிக்கும், மாணவர் கல்விக் கட்டணத்துக்கும் இதே விதிதான். பொருளை மேடைக்கு அழைத்துக் கொடுக்காமல், இஷாவுக்குப் பிறகு வீட்டு வாசலில் சேர்ப்போம். கொண்டுபோகும் இளைஞர்கள் போனை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போகட்டும்.

வலக்கை கொடுத்தது இடக்கைக்குத் தெரியாதபடி தர்மம் செய்தவர், வேறு நிழலே இல்லாத நாளில் அர்ஷின் நிழலில் இருப்பார் என்ற நற்செய்தி நமக்கு இருக்கிறது. அந்த நிழலுக்கு ஆசைப்படுகிற நமக்கு மனிதர் எடுக்கும் படம் எதற்கு? நம் அமல்களைப் பதிவு செய்ய வானவர்கள் இருக்கிறார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கண்களையும் எங்கள் கைகளில் உள்ள கருவிகளையும் உனக்குப் பிரியமானவற்றில் செலுத்துவாயாக! எங்களிடம் உதவி பெறுவோரின் மானத்தை எங்கள் மானத்தைப் போலவே காக்கச் செய்வாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.