பாட்டி கையில் ஒரு பென்சில்



தோட்டப்புற வாழ்க்கையை யார் பதிவு செய்வது என்ற கேள்வி இங்கே எழுந்தது. எழுத்தாளர்கள் எழுதட்டும், ஆய்வாளர்கள் ஆராயட்டும் என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் ஒரு பாட்டியின் கதையைச் சொல்கிறேன். அவர் தமிழர் அல்லர். கனடாவின் வடக்கே, பனிப் பிரதேசத்தில் வாழ்ந்த இனுயிட் இனத்தவர். பெயர் பிட்சியோலாக் அஷூனா.

1904-ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தவர். அவர் வளர்ந்த இடத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. கணவர் வேட்டைக்காரர். பெற்ற பிள்ளைகள் 17. அவரிடமே வளர்ந்து ஆளானவர்கள் 6 பேர்தான். 1940-களில் பரவிய நோயில் கணவரும் இறந்து போனார். பிள்ளைகளோடு வறுமையில் தவித்தவர், பின்னாளில் கேப் டோர்செட் என்ற குடியிருப்புக்கு வந்து துணி தைத்துப் பிழைத்தார். இன்று அந்த ஊருக்கு கிங்காயிட் என்று பெயர்.

ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற ஓவியர் 1950-களில் அங்கே அச்சோவியக் கலையைத் தொடங்கி வைத்தார். 1959-இல் கூட்டுறவுச் சங்கம் உருவானது. வரைந்து கொடுத்தால் காசு கிடைக்கும். மூத்த உறவினர் ஒருவரின் படங்களைப் பார்த்த பிட்சியோலாக், நாமும் வரைந்து பார்த்தால் என்ன என்று பென்சிலை எடுத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. 1983-இல் மறையும் வரை அவர் வரைந்த படங்கள் 7,000-க்கும் மேல்!

எதை வரைந்தார்? தாம் வாழ்ந்த பழைய வாழ்க்கையைத்தான். கோடைக்காலத்தில் குடும்பங்கள் ஒன்றுகூடித் தோல் கூடாரம் அடிக்கும். ஆற்றின் குறுக்கே கற்களை அடுக்கி, கடலில் இருந்து ஏறிவரும் மீன்களை மறிப்பார்கள். தண்ணீரில் நின்று மூன்று முனை ஈட்டியால் குத்துவார்கள். பிடித்த மீனைப் பிளந்து காற்றில் காய வைப்பார்கள். நம் கருவாடு மாதிரிதான், ஆனால் உப்பு கிடையாது. குழந்தை தாயின் முதுகில், சட்டையின் தலைமூடிக்குக் கீழே உள்ள பைக்குள் உட்கார்ந்திருக்கும். வெளியூர்க்காரர் எடுக்கும் புகைப்படத்தில் கூடாரம் தெரியும். அதைத் தைத்தவருக்குத்தானே தையல் எங்கே போகும் என்று தெரியும்!

அவருடைய பேத்தி ஆனி பூட்டூகூக்கும் ஓவியரானார். வீட்டில் தொலைக்காட்சி பார்ப்பவர்களை, கடைச் சாமான்களை, குடியை, பெண்கள் வாங்கும் அடியை வரைந்தார். 2006-இல் கனடாவின் சோபி கலை விருது அவருக்குக் கிடைத்தது. பாட்டி பெரும்பாலும் மகிழ்ச்சியை வரைந்தார். பேத்தி வலியையும் வரைந்தார். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு சமுதாயத்தின் வரலாறு.

இப்போது நம் பக்கம் வருவோம். சுபாங் ஜெயா முன்பு சீஃபீல்டு தோட்டம். ஷா ஆலம், சுங்கை ரெங்கம் தோட்டம். புத்ராஜெயா, பிராங் பெசார் தோட்டம். கிள்ளானில் புக்கிட் ராஜா தோட்டமும் வீடமைப்புப் பகுதியாகி விட்டது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே தொழிலாளர்கள் குடியிருந்த நூறு குவாட்டர்ஸும் இடிபட்டு விட்டது. மண் இருக்கிறது, லயம் இல்லை.

அந்த லயத்தில் பிறந்தவர்கள் இன்று அடுக்குமாடி வீட்டில், நம் பக்கத்து அறையில்தான் இருக்கிறார்கள். விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய நேரம், ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுப் போன மனம், உறைந்த ஒட்டுப்பாலை உருவி எடுத்த விரல், கங்காணி நின்ற இடம், இவையெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். பழைய நிர்வாகக் கணக்குப் புத்தகத்தில் எத்தனை பவுண்டு பால் என்று இருக்கும். மழை பெய்து வேலை நின்ற அன்று அடுப்பில் என்ன வெந்தது என்று அதில் இருக்குமா?

"எனக்கு வரையவெல்லாம் தெரியாதே" என்பார் பாட்டி. நம்பாதீர்கள்! மார்கழி முழுக்கப் புள்ளி பிசகாமல் கோலம் போட்ட கை அது. தோல் தைத்த கை அங்கே வரைந்தது என்றால், கோலம் போட்ட கை இங்கே வரையாதா?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பிட்சியோலாக் பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் வரைந்தார். சங்கம் கூலி கொடுத்தது. அதனால்தான் அவர் தொடர்ந்து வரைய முடிந்தது. நம் ஆலயங்களும் இயக்கங்களும் முதியோருக்குப் பொன்னாடை போர்த்துகின்றன. நல்லதுதான். அத்துடன் தாளும் வண்ணப் பென்சிலும் வாங்கிக் கொடுத்து, வரையும் படத்துக்கு ஒரு தொகையும் கொடுங்கள். படத்தின் பின்னால் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் குறித்து வையுங்கள்.

நேயர்களே, அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டியிடம் ஒரு தாளை நீட்டி, "உங்கள் லயத்தில் அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது, வரைந்து காட்டுங்கள் பாட்டி" என்று கேளுங்கள். ஒரு கோடு போட்டால் போதும், மீதியை அவரே சொல்லத் தொடங்கி விடுவார்.