முதல் விவரம் எப்போது வரும்?

உதவிநிதி முகப்பில் நிற்கும் தாய்மார்கள், ‘கணினி மெதுவாக இருக்கிறது’ என்ற பதிலைக் கேட்டிருப்பீர்கள். அதன் காரணங்களில் ஒன்றைச் சொல்கிறேன்.

போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தள மென்பொருள், தேடுமுன் இரண்டு செலவுகளை மதிப்பிடுகிறது: முதல் விவரம் கிடைக்கும்வரை ஆகும் தொடக்கச் செலவு, எல்லாம் கிடைக்க ஆகும் மொத்தச் செலவு. பிள்ளைகளை வயதுப்படி வரிசைப்படுத்தச் சொன்னால், கடைசிப் பதிவையும் படித்த பிறகே முதற்பெயர் வெளிவரும். பிறந்த நாள் அட்டவணை முன்பே இருந்தால் உடனே வரும். பத்துப் பேர் போதுமென்றால் அட்டவணையையே அது நாடும்.

இங்கேதான் சறுக்கல். ‘புதுப் பள்ளியில் மூத்த பத்துப் பேர்’ என்று கேட்கிறோம். அப்பிள்ளைகள் பட்டியலெங்கும் சீராகப் பரவியிருப்பதாக அது எண்ணுகிறது. அங்கோ முதலாம் வகுப்பு மட்டுமே! மாவட்டத்துப் பெரிய பிள்ளைகளையெல்லாம் தாண்ட வேண்டும். பள்ளியையும் பிறந்த நாளையும் சேர்த்து ஒரே அட்டவணை போட்டால், தேடல் நேரே அவர்களிடம் போகும்.