எங்களுக்கு மட்டும் ஏன் ஒரு நம்பர்?

(சங்கத்தின் இளைஞர், மாதர் பிரிவுகளின் கூட்டத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை. 2025 நவம்பர்)



மலைக்குப் போகாத ஒரே நாளில், துணி துவைக்கிற வேலையையும் விறகு வேலையையும் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டி முழக்கப் போவதில்லை. எனக்குத் தந்த விஷயம் ஜனாதிபதித் தேர்தல் பிரசாரம். அடுத்த தேர்தலுக்கு இன்னும் பல வருஷம் இருக்கிறதே, இப்போது என்னத்துக்கு என்று பின்னால் இருந்து ஒரு அண்ணன் கேட்டார். கொடியும் இல்லை, மைக் சத்தமும் இல்லை, இப்போதுதான் இதைப் பேச முடியும் அண்ணே. தேர்தல் நேரத்தில் வாயைத் திறந்தால், என்ன சொல்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை. எந்தப் பக்கத்து ஆள் என்றுதான் பார்ப்பார்கள்.

போன வருஷம் பிரசாரம் சூடு பிடித்திருந்த நேரம், பேராதனையில் படிக்கிற நம்ம தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி என்னோடு பேச்சுவாக்கில் சில விஷயம் சொன்னாள். கட்டுரை எழுதிக்கொண்டு வந்து சொன்னதில்லை. பஸ்ஸுக்கு நின்றபோது சொன்னது. ஆனால் அதில் ஒரு வசனம் இன்னும் என் மண்டைக்குள் நிற்கிறது. “டீச்சர், மத்த ஆளுங்ககிட்ட போனா திட்டம் சொல்றாங்க. எங்ககிட்ட வந்தா மட்டும் ஏன் ஒரு நம்பர் சொல்லிட்டுப் போறாங்க? ஏலம் மாதிரி இருக்கு.”

வேட்பாளர்கள் வேறொன்றும் சொல்லவில்லை என்றால் அது நியாயமில்லை. தேசிய மக்கள் சக்தி 2023இலேயே ஹட்டன் பிரகடனம் என்று ஒன்றை வெளியிட்டது. சஜித் பிரேமதாச தொழிலாளர்களைச் சிறு தேயிலைத் தோட்ட உடைமையாளர் ஆக்குவேன் என்றார். வீடு, காணி, பாடசாலை எல்லாம் காகிதத்தில் இருந்தது. ஆனால் போனில் சுற்றி வந்ததும், பிரட்டுக் களத்தில் பேசப்பட்டதும் என்ன? நம்பர்தான். அதைத்தான் அந்தப் பிள்ளை பிடித்தாள்.

சரி, அந்த நம்பர் நடந்து வந்த பாதையைப் பார்ப்போம். 2019 நவம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷவின் விஞ்ஞாபனத்தில் நமக்கு நாளுக்கு 1000 ரூபாய் என்று இருந்தது. அவர் வென்றார். 1000 ரூபாய் வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். அடிப்படை 900, வரவு செலவுத் திட்டக் கொடுப்பனவு 100. கம்பனிகள் நீதிமன்றம் போயின. கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் போனது. அதற்குப் பிறகு பல தோட்டங்களில் ஒரு பேருக்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் நிறை ஏறியதை இங்கே இருக்கிற அக்காமாருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. முழுப் பேர் கேட்டுப் போனவர்கள் அரைப் பேரோடு திரும்பிய நாட்கள் உங்கள் செக்ரோலில் இருக்கின்றன. நம்பர் மேடையில் ஏறியது, கிலோ மலையில் ஏறியது.

அடுத்த நம்பர் 1700. 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அதை அறிவித்தார். முதல் நாள் திகதியிட்டு வர்த்தமானியும் வந்துவிட்டது: 1350 நாட்சம்பளம், 350 மேலதிகம். கைதட்டினோம், பட்டாசும் கொளுத்தினோம். கம்பனிகள் மறுபடி நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. பிறகு சம்பள நிர்ணய சபை கூடி, தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால், செப்டெம்பரில் 1350 வர்த்தமானியில் வந்தது. மிச்ச 350 கட்டாயச் சம்பளத்துக்குள் வரவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு ஜனாதிபதி, எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், மேடையில் நின்று சொல்வதால் நம் சம்பளம் ஏறாது. 1941ஆம் ஆண்டின் சம்பள சபைகள் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தேயிலைத் தொழிலுக்கு அதன் கீழ் ஒரு சபை. அதில் முதலாளிமார் பிரதிநிதிகள், தொழிற்சங்கப் பிரதிநிதிகள், அமைச்சர் நியமிக்கிற ஆட்கள் என்று மூன்று தரப்பு இருக்கிறது. சபை தீர்மானம் எடுத்து, அறிவித்தல் போட்டு, ஆட்சேபனை கேட்டு, அமைச்சர் அங்கீகரித்த பிறகுதான் அது சட்டம். அரசாங்கத்தின் கை எங்கே இருக்கிறது தெரியுமா? அந்த நியமன ஆட்களிடம். முதலாளிமாரும் சங்கங்களும் எதிரெதிராக நின்றால் அவர்களுடைய வாக்குத்தான் முடிவு செய்யும். ஆகவே ஒரு வேட்பாளர் 2000 என்றாலும் 3000 என்றாலும் நாம் கேட்க வேண்டியது: சபையில் உங்கள் ஆட்கள் எதற்கு வாக்களிப்பார்கள்? அது எந்த மாதத்தில்? நிறை எவ்வளவு என்று அதே தீர்மானத்தில் எழுதுவீர்களா? எந்த மேடையிலும் இந்தக் கேள்வி கேட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. மாலை போடுகிற நேரத்தில் யார் கேட்பது?

இந்த மாதம் 7ஆம் திகதி வரவு செலவுத் திட்டத்தில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அறிவித்ததையும் இதே கண்ணாலே பார்ப்போம். வருகிற ஜனவரியிலிருந்து 1350 ரூபாய் 1550 ஆகும், அதற்கு மேல் வரவுக்கான ஊக்கத் தொகையாக 200 ரூபாயை அரசாங்கம் கொடுக்கும், மொத்தம் 1750. நல்லது, வரவேற்கிறோம். கம்பனியிடம் முழுவதையும் கேட்காமல் திறைசேரியும் ஒரு பங்கு போடுவது புதுசு. ஆனால் பிள்ளைகளே, கணக்குப் போடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், நாம் 8 வீதம். அந்த 200 ரூபாய் சம்பளமாகக் கணக்கெடுக்கப்பட்டால் நாளுக்கு முதலாளி பங்கு மட்டும் 24 ரூபாய் நம் பேரில் சேரும். 25 நாள் வேலை என்றால் மாதத்துக்கு 600. ஊக்கத் தொகை என்று தனியாக நின்றால் அது சேருமா? அரைப் பேர் போட்ட நாள் வரவு நாளா? இதைக் கேட்பதால் யாருக்கும் எதிரி ஆகிவிட மாட்டோம்.

இப்போது அந்தப் பிள்ளை சொன்ன மற்றதுக்கு வருகிறேன். “எங்க ஓட்ட நாங்க போடுறதுக்கு முன்னாடியே மூட்டையா கட்டிக் கொடுத்துட்டாங்க டீச்சர், அப்புறம் நான் போட்டா என்ன போடாட்டி என்ன?” என்றாள். தலைவர்மார்கள் ஒரு பக்கம் ரணிலுக்கும், இன்னொரு பக்கம் சஜித்துக்கும் ஆதரவு அறிவித்த நேரம் அது. கோபம் நியாயம்தான். முடிவுதான் சரியில்லை.

நுவரெலியா மாவட்ட எண்ணிக்கையைப் பாருங்கள். சஜித்துக்கு 201,814. ரணிலுக்கு 138,619. அநுரவுக்கு 105,057. எட்டு வாரம் கழித்து நடந்த பாராளுமன்றத் தேர்தலில் இதே மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி முதலாவதாக வந்து 8 ஆசனங்களில் 5ஐ எடுத்தது. இரண்டு மாதத்தில் இப்படி ஆள் மாறினால் அது கட்டிக் கொடுத்த மூட்டையா? மூட்டை என்று நினைப்பது தலைவர்மார்களும், அவர்களிடம் பேரம் பேச வருகிற கொழும்பு ஆட்களும்தான். நாமும் அப்படி நினைத்தால் அவர்களுக்கு லாபம்.

இன்னொன்று. போன முறை வாக்குச்சீட்டில் 39 பேர் இருந்தது. என் பாடசாலை மேசையில் விரித்தால் மேசைக்கு வெளியே தொங்கும் நீளம். அந்தச் சீட்டில் 1, 2, 3 என்று மூன்று பேருக்கு எண் போடலாம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்கள். சரி, போதும்.

ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இரண்டு பேரைத் தவிர மற்றவர்களை நீக்கிவிட்டு, நீக்கப்பட்டவர்களுக்கு 1 போட்ட சீட்டுகளில் 2 யாருக்கு, 3 யாருக்கு என்று பார்ப்பார்கள். 1982இல் முதல் ஜனாதிபதித் தேர்தல் நடந்ததிலிருந்து இது தேவைப்படவே இல்லை. 2024இல்தான் முதல் தடவை. அநுரவுக்கு 42.31 வீதம், சஜித்துக்கு 32.76. இருவருக்கும் போகாத செல்லுபடியான வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல். அத்தனை சீட்டும் மறுபடி பார்க்கப்பட்டது. அதில் அநுரவுக்குச் சேர்ந்தது 105,264. சஜித்துக்கு 167,867. இரண்டையும் கூட்டினால் 273,131. பன்னிரண்டு சீட்டில் ஒன்றுதான் பேசியது, மற்றப் பதினொன்றும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டது. நுவரெலியாவில் ரணிலுக்குப் போட்ட 138,619 சீட்டும் அந்தக் குவியலில்தான் இருந்தது.

ஒரு தலைவர் “1 இவருக்குப் போடு” என்று சொல்லலாம். 2 யாருக்கு என்று உன் வீட்டில் உட்கார்ந்து நீ யோசிக்கலாம். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மலையகத்தின் இரண்டாவது எண்ணுக்கு விலை இருக்கிறது என்று தெரிந்தால், வெல்லக்கூடிய இரண்டு பேரும் நம்மிடம் வந்து பேசியே ஆக வேண்டும், மற்றவரோடு ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று மலைப் பக்கம் வராமல் இருக்க முடியாது. பிரசாரத்தில் நாம் எதிர்பார்க்க வேண்டியது அதைத்தான்.

வாக்குச்சீட்டு சும்மா கிடைத்தது என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம், அடுத்த வருஷம் தேர்தல் சட்டத் திருத்தம். 1952இல் ஒருவர்கூட இல்லை. 1964 ஒப்பந்தத்தில் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் நம்மைத் தலை எண்ணிப் பிரித்துக்கொண்டார்கள். 1988இலும் 2003இலும் சட்டம் வந்த பிறகுதான் மிச்சம் இருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. இந்தக் கூட்டத்தில் இருக்கிற ஆயாமார் சிலர், பேரப்பிள்ளை எடுத்த பிறகுதான் முதல் தடவையாக வாக்களித்தார்கள். நான் பொய் சொல்கிறேனா ஆயா?

காசு விஷயமும் கொஞ்சம். 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவுச் சட்டப்படி, போன ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வேட்பாளர் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் வரை செலவழிக்கலாம் என்று ஆணைக்குழு வரையறுத்தது. நாட்டில் 1 கோடியே 71 இலட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். பெருக்கிப் பார்த்தால் ஒரு வேட்பாளருக்கு 186 கோடிக்கு மேல். தேர்தல் முடிந்து 21 நாளுக்குள் கணக்குக் காட்ட வேண்டும். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதப் பயிற்சியாக இதைக் கொடுத்தேன். “அப்ப நம்ம லயத்துக்கு எவ்வளவு டீச்சர்?” என்று ஒருவன் கேட்டான். பன்னிரண்டு வீடு, சராசரி மூன்று வாக்கு என்று வைத்தால் 3,924 ரூபாய். கொடியும் போஸ்டரும்தான் வந்தது, கூரைத் தகடு வரவில்லை என்றான். நல்ல பிள்ளை, கணக்கில்தான் கொஞ்சம் பலவீனம்.

கொழும்பில் கடைகளில் வேலை செய்கிற தம்பி தங்கச்சிமார் வீட்டுக்காரர்களும் இங்கே இருக்கிறீர்கள். வாக்களிக்க வருவதற்குச் சம்பளம் வெட்டாமல் லீவு கொடுக்க வேண்டும். 40 கிலோமீற்றருக்குள் அரை நாள், 100க்குள் ஒரு நாள், 150க்குள் ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். ஹட்டன் பக்கத்து ஆட்களுக்கு ஒன்றரை நாள் வரும். போன முறை ஒரு கடை முதலாளி, வந்தால் திரும்பி வராதே என்று சொன்னதால் நமது இரண்டு பிள்ளைகள் வரவில்லை. எழுத்தில் கேட்டிருந்தால் சங்கம் தலையிட்டிருக்கும். மாகாண சபைத் தேர்தல் எப்போது வந்தாலும் இந்த வேலையை ஒரு மாதம் முன்னதாகவே தொடங்குவோம்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். ஜனவரி மாதச் சம்பளம் பெப்ரவரியில் கைக்கு வரும். அந்தச் சம்பளத் துண்டை யாரும் கிழித்துப் போட வேண்டாம். 1550 எந்த வரியில் இருக்கிறது, 200 எந்த வரியில் இருக்கிறது, சேமலாப நிதி எந்தத் தொகைக்கு வெட்டியிருக்கிறது என்று லீவுக்கு வந்த பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு லயத்திலிருந்தும் இரண்டு துண்டின் போட்டோப் பிரதி மாதர் தலைவி கையில் சேர வேண்டும். டிசம்பர் மாதத் துண்டும் சேர்த்துக் கொடுத்தால், கொழுந்து நிறை மாறியதா என்றும் பார்க்கலாம். அந்தப் பேராதனைப் பிள்ளையிடம் கணக்கு எழுதும் வேலையைக் கொடுத்திருக்கிறேன். நம்பர் பிடிக்காது என்றவள், மாட்டிக்கொண்டாள்.