சுமையும் சுமைதாங்கியும்

இக்கால வாழ்வில் மன அழுத்தம் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். இத்தலைப்பில் பேசுவோர் மூச்சுப் பயிற்சி, நடைப் பயிற்சி, இன்னிசை என்று சில வழிகளைக் கூறி முடிப்பது வழக்கம். அவை நல்லனவே, நான் குறை கூறேன். ஆயினும் நம் பிள்ளைகளின் தலைமேல் இருக்கும் சுமை எத்தகையது என்று பாராமல், மூச்சை மட்டும் இழுத்துவிடச் சொல்வது முறையாகாது.

1936ஆம் ஆண்டில் கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் ஹான்ஸ் செல்யே என்னும் ஆய்வாளர் எலிகளைக்கொண்டு ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டார். கடுங்குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி உழைக்க வைத்தாலும் அவற்றின் உடலுக்குள் ஒரே வகையான மாறுதல்களே நிகழ்ந்தன. சிறுநீரகத்தின் மேலமர்ந்த அட்ரினல் சுரப்பி பெருத்தது. வயிற்றில் புண் கண்டது. மனிதர்க்கும் இது பெரிதும் பொருந்தும். ஆபத்து எதிர்ப்படும்போது இதயம் விரைந்து துடிக்கிறது; தசை முறுக்கேறுகிறது; ஆபத்து அகன்றதும் அடங்குகிறது. இது இயற்கை நமக்களித்த காவல். ஆபத்து அகலாமல் மாதக் கணக்கில் நின்றால் அக்காவலே உடலை அரிக்கத் தொடங்குகிறது. ஆகவே மன அழுத்தம் என்பது கோழைத்தனமும் அன்று. 'படிப்புக்கு இவன் தகுதியற்றவன்' என்பதற்குச் சான்றும் அன்று.

அதன் அறிகுறிகளை வீட்டார் எளிதில் கண்டுகொள்ளலாம். உறக்கம் வாராமை, அல்லது பின்னிரவில் விழித்துக்கொண்டு விடியும்வரை புரளுதல். காரணமற்ற தலைவலி, வயிற்றெரிச்சல். படித்த பக்கத்தையே மீண்டும் மீண்டும் படித்தும் மனத்தில் ஏறாமை. சிறு சொல்லுக்கும் சீறி விழுதல். இவற்றினும் நுட்பமானது ஒன்றுண்டு. வாரம் மும்முறை வீட்டுக்குப் பேசிவந்த பிள்ளை பேசுவதைக் குறைத்துவிடும். தாய் "சாப்பிட்டாயா?" என்று கேட்பாள்; "சாப்பிட்டேன்" என்னும் விடை உடனே வந்துவிடும். அத்துடன் நில்லாமல் "யாரோடு சாப்பிட்டாய்?" என்றும் கேட்டுப் பாருங்கள். அதற்கு விடை வரத் தாமதமானால், அங்கே கவனிக்க வேண்டியது ஏதோ இருக்கிறது.

1917 செப்டம்பரில், கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் இலண்டனிலும் பயின்று திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பரோடா அரசில் பணியேற்கச் சென்றார். அப்போது வயது 26. தங்க இடம் தருவார் இல்லாமையால், பார்சிகளுக்குரிய விடுதியொன்றில் பார்சிப் பெயரைப் பதிந்து தங்கினார். அங்கே உடன் தங்குவோர் எவருமில்லை. மங்கிய விளக்கும் வௌவால்களுமே துணை. பேசுவதற்கு ஒரு மனித முகம் இல்லையே என்று ஏங்கியதையும், அத்தனிமையை நூல்களில் மறக்க முயன்றதையும் அவரே பின்னாளில் எழுதிவைத்தார். பதினொன்றாம் நாள் தடிகளுடன் வந்த பார்சியர் சிலர் அவரை வெளியேறச் சொன்னார்கள். நண்பர் இருவரை நாடினார். அவர்கள் வீட்டிலும் இடம் கிடைக்கவில்லை. பொதுப் பூங்காவில் பொழுதைக் கழித்துவிட்டு இரவு இரயிலேறினார். அன்று தாம் அழுததை அவர் மறைக்கவில்லை.

அவரை மனவலிமை குன்றியவர் என்று எவரேனும் சொல்லத் துணிவரோ? அழுதவர் அழுகையோடு நின்றுவிடவுமில்லை. 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கியபோது, சோலாப்பூரில் மாணவர் விடுதி அமைத்தல் அதன் முதற்பணிகளுள் ஒன்றாயிற்று. 1945இல் மக்கள் கல்விக் கழகமும், அடுத்த ஆண்டில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியும் எழுந்தன. தமக்குக் கிடைக்காத கூரையையும் கூட்டத்தையும் பின்வந்தோர்க்கு ஆக்கித்தந்தார் என்றே நான் இதனைப் புரிந்துகொள்கிறேன்.

நூறாண்டு கழிந்தும் அந்த விடுதியறை முற்றிலும் மறைந்துவிடவில்லை. 2007இல் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையிலான குழு, புதுதில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பயிலும் நம்மவர் நிலையை ஆராய்ந்து, விடுதியிலும் வகுப்பிலும் அவர்கள் ஒதுக்கப்படுவதை எடுத்துக்காட்டியது. உளுந்தூர்பேட்டையில் இரவுப் பேருந்தேறிச் சென்னை சென்று சேரும் நம் பிள்ளை, ஆங்கிலப் பாடநூலோடு 'உன் மதிப்பெண் என்ன? எந்தப் பிரிவில் வந்தாய்?' என்னும் கேள்வியையும் சேர்த்துச் சுமக்கிறது. உதவித்தொகை காலந்தாழ்த்தி வருகிறது. அதன்மேல் நாம் வேறு, "நம் தெருவிலேயே முதல் பட்டதாரி நீதான், நீதான் எல்லாரையும் கரையேற்ற வேண்டும்" என்று அன்போடு ஏற்றிவைக்கிறோம். அன்பாக ஏற்றினாலும் பாரம் பாரந்தானே!

இச்சுமையுள் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவது, வெளியிலேயே நீக்கத்தக்கது. பன்னிரண்டாம் வகுப்பில் தவறியவர்க்கு ஓராண்டே பாழாகும் நிலை முன்பு இருந்தது. அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுதலாம் என்று அரசு விதி செய்தது. எத்தனையோ இளைஞரின் அச்சம் அந்த ஒரு விதியால் தணிந்தது. உதவித்தொகை வராவிட்டால், தனியொருவன் அறையில் கிடந்து மனம் புழுங்க வேண்டா. பத்துப்பேர் கையொப்பமிட்டு மனுக் கொடுங்கள். சாதி சொல்லி இழிவுசெய்தால் நாளும் பெயரும் குறித்து எழுதிவையுங்கள். அவ்வாறு எழுதுவதே மனத்தின் புழுக்கத்தைச் சற்றுத் தணிக்கும். பின்னர்ச் சான்றாகவும் உதவும்.

போலி மருந்தொன்றையும் இங்குச் சொல்லியாக வேண்டும். 2024 சூன் திங்களில் நம் மாவட்டத் தலைநகரான கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. மாண்டவருள் பலர் கூலித் தொழிலாளர், நம்மவர். பகலெல்லாம் மூட்டை தூக்கிய உடல்வலியும் கடன் கவலையும் தீர ஒரு பொட்டலம் என்று வாங்கியவர்கள். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கிறது, உயிரையும் பறிக்கிறது. விற்றவன் குற்றம் வேறு; அதை வழக்குமன்றம் பார்க்கும். அரசு கடையில் விற்கும் மதுவும் கவலைக்கு மருந்தன்று. முன்னிரவில் உறக்கம் தருவதுபோல் காட்டிப் பின்னிரவில் அவ்வுறக்கத்தையே கலைப்பது அது.

பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைப் பெரியோர் கண்டிருப்பீர்கள். இரு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருபவர் பிறர் கை கொடுக்காமலே பாரத்தை அதன்மேல் இறக்கிவைத்து இளைப்பாறலாம். பின்பு தாமே தூக்கிக்கொண்டு நடக்கலாம். இறக்கிவைத்தமைக்காக எவரும் அவரை ஏளனம் செய்ததில்லை. மனச்சுமையை இறக்கவும் அத்தகைய இடங்கள் இன்று உண்டு. 14416 என்னும் எண்ணில், 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் அரசுச் சேவை இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசுகிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் காணலாம். இரண்டு வாரத்திற்கு மேல் உறக்கமும் உணவும் கெட்டிருப்பின் காத்திருக்க வேண்டா. "மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லும்?" என்கிறார்கள். ஊர் நம்மை எப்போது வாழ்த்தியது, இப்போது அதற்கு அஞ்ச?

இருப்பதினும் இறப்பது மேல் என்று ஒருவர் சொன்னால், விளையாட்டாகச் சொன்னாலும், அவரைத் தனியே விடாதீர்கள். அறிவுரை கூறாமல் அருகிருந்து கேளுங்கள். உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காவல் நிலையத்திற்கு அஞ்சி மறைப்பதும் வேண்டா. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், அவர்க்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளித்தல் அரசின் கடமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். வெளியூரில் பயிலும் நம் பிள்ளைகளின் பெயர்களை ஓர் ஏட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, கல்லூரியை முடித்துவிட்ட ஓர் அண்ணனோ அக்காளோ பொறுப்பேற்று, மாதம் இருமுறை பேசட்டும். மதிப்பெண்ணைப்பற்றி அல்ல, அறை எப்படி, துணை யார், பணம் வந்ததா என்று கேட்கட்டும். பிற்பகல் கூட்டம் கலையுமுன் ஏடு செயலாளர் மேசையில் இருக்கும் என்று நம்புகிறேன். என் பெயரை இரு பிள்ளைகளுக்கு எதிரே எழுதிக்கொள்ளுங்கள்.