மஸ்ஜித் இந்தியாவில் ஒரு கண்ணாடிச் சிறகு

இன்று நாம் போவது கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியாவுக்கு. மஸ்ஜித் ஜாமெக் எல்ஆர்டி நிலையத்தில் இறங்கி நடந்தால், சேலைக் கடைகளும் நகைக் கடைகளும் மல்லிகை வாசமுமாகத் தெரு நம்மை இழுத்துக்கொள்ளும். இன்றைக்குக் கடைகள் இருக்கட்டும். வழியில் எங்காவது இட்லிப்பூச் செடி பூத்திருந்தால், அதன் அருகே சற்று நில்லுங்கள்.

பூவில் உட்காராமல், அந்தரத்தில் நின்றபடியே தேன் உறிஞ்சும் பூச்சி ஒன்று வரலாம். பச்சையும் மஞ்சளும் கலந்த தடித்த உடல், இடுப்பில் செம்பழுப்புப் பட்டை, வாலில் கறுப்புக் குஞ்சம். கொட்டிவிடுமோ என்று விலக வேண்டாம். அது வண்டு அல்ல, பகலில் பறக்கும் அந்துப்பூச்சி. செபோனோடெஸ் ஹைலஸ் என்பது அதன் அறிவியல் பெயர். 1771-இல் லின்னேயஸ் வகைப்படுத்தியது. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும்போது இதன் சிறகில் மெல்லிய செதில்கள் உண்டு. முதல் சிறகடிப்பிலேயே அவை உதிர்ந்துவிட, சிறகு கண்ணாடியாகிறது. இனத்தார் பலர் அந்தியிலும் இரவிலும் பறக்க, இது வெயிலில் துணிந்து பறப்பதற்கு அந்த வண்டு வேடம் பெருந்துணை.

இந்தியா, இலங்கை, மலேசியா, சீனா, ஜப்பான் என இதன் எல்லை அகலமானது. காபிக் குடும்பச் செடிகள்தாம் புழுவின் உணவு. இங்கே 'புங்கா சீனா' என்று தொட்டியில் வளர்க்கிறோமே, அந்த வெள்ளைப் பூச்செடியும் அக்குடும்பம்தான்.

காபி என்றதும் நம் முன்னோர் நினைவு வருகிறது. இலங்கைக் காபியை 1869 முதல் இலைத்துரு நோய் அழித்தது. பின்னர் சிலாங்கூரில் காபித் தோட்டங்கள் எழுந்தன; தமிழர் உழைத்தனர். 1890-களின் இறுதியில் இதே பூச்சியின் புழுக்கள் அத்தோட்டங்களின் இலைகளைத் தின்று தீர்த்தன. பிரேசில் காபி பெருகி விலையும் சரிந்தது. தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. நம் குடும்பங்கள் பலவற்றின் பால்மரக் கதைக்குள் இந்தச் சிறு புழுவுக்கும் ஓரிடம் உண்டு. பள்ளி வரலாற்றிலும் இதைச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்று அந்தப் புழுவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. வீட்டுச் செடியில் அது தின்னும் இலைகள் மீண்டும் துளிர்க்கும். ஆகவே நேயர்களே, உங்கள் பூந்தொட்டியில் வாலில் கொம்புடைய பச்சைப் புழுவைக் கண்டால் மருந்து தெளிக்காதீர்கள்.